நூறு பேர் எதிரே ஒருவன்... அந்த நூறு பேர் யார்?

கராத்தே என்றால் பள்ளி ஆண்டு விழாவில் ஓடு உடைப்பது, எரிகிற ஓட்டைக் கையால் குத்துவது, வயிற்றின் மேல் பைக் ஏற்றிக்கொள்வது என்ற அளவில்தான் பலருக்கும் தெரியும். அதில் அடி வாங்குவது ஓடு மட்டும்தான். பதிலுக்கு அடிக்கிற ஆட்களை, ஒருவர் பின் ஒருவராக, ஒரே நாளில் நூறு தடவை சந்திக்கிற ஒரு சோதனை ஜப்பானின் கியோகுஷின் கராத்தேயில் இருக்கிறது. பெயர் ஹியாகுநின் குமிட்டே. ஹியாகு என்றால் நூறு, நின் என்றால் ஆள், குமிட்டே என்றால் எதிராளியோடு மோதுவது. நூறு ஆள் சண்டை. அவ்வளவுதான் பெயரின் பொருள்.

இதைப் பற்றி இணையத்தில் வீடியோக்களும் கட்டுரைகளும் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் நடுவில் நிற்கிற அந்த ஒரு ஆளின் வீரம்தான் பேசப்படுகிறது. மன உறுதி, விடாமுயற்சி, சாமுராய் ஆன்மா இத்யாதி இத்யாதி. எதிரே வரிசையில் நின்ற ஆட்களைப் பற்றி ஒரு வரி கூடக் கிடைப்பது அபூர்வம். ஆனால் அந்தச் சோதனை உண்மையா, நாடகமா என்று தீர்மானிப்பது அந்த வரிசைதான். இந்தக் கட்டுரையின் புகார் அதுதான்.

முதலில் விதிகள். கியோகுஷினில் கையுறை கிடையாது, வெறும் கைதான். முகத்தில் கையால் குத்தக்கூடாது. உடம்பில் குத்தலாம். காலால் தலை வரை உதைக்கலாம். தொடையில் உதைப்பது தாராளமாக அனுமதி. நூறு ஆள் சண்டையில் ஒரு ரவுண்டு இரண்டு நிமிடம் என்று இருந்தது, பிறகு ஒன்றரை நிமிடமாகக் குறைக்கப்பட்டது. குறைந்தபட்சம் பாதி ரவுண்டுகளையாவது தெளிவாக ஜெயிக்க வேண்டும். கீழே விழுந்தால் ஐந்து வினாடிக்குள் எழுந்து நிற்க வேண்டும். ஆரம்பத்தில் ஐம்பது ஐம்பதாக இரண்டு நாளில் முடிக்கவும் வழி இருந்தது, பின்னால் ஒரே நாள் என்று ஆகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை நிமிடம் வீதம் நூறு ரவுண்டு என்றால் 150 நிமிடம். குத்துச்சண்டையில் உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டி முழுதாக நடந்தால் 12 ரவுண்டு, ரவுண்டுக்கு 3 நிமிடம், மொத்தம் 36 நிமிடம். ஆக நான்கு பட்டப் போட்டிகளைக் கடைசி மணி அடிக்கும்வரை ஆடிவிட்டு, ஐந்தாவதில் இரண்டு ரவுண்டு ஆடினால் 150 வரும். ஆள் மாறுகிற நேரமெல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரத்தைத் தொட்டுவிடும். குத்துச்சண்டையிலாவது எதிராளியும் கூடவே களைத்துப் போவான். இங்கே ஒவ்வொரு ஒன்றரை நிமிடத்துக்கும் ஒரு புது ஆள், மூச்சு வாங்காமல், வியர்க்காமல் வந்து வணங்கி நிற்கிறான்.

முகத்தில் குத்தக்கூடாது என்ற விதியைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. அந்த விதி இல்லாவிட்டால் இப்படி ஒரு சோதனையே சாத்தியமில்லை. நூறு பேரிடம் முகத்தில் குத்து வாங்கிவிட்டு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்த விதி இருப்பதால் அடி முழுவதும் உடம்பிலும் தொடையிலும் சேர்கிறது. முதல் இருபது ஆட்கள் தொடையில் உதைத்தது நாற்பதாவது ஆள் வரும்போதுதான் தெரியும். கால் தூக்க வராது. தடுக்கப் போன கை தாமதமாகப் போகும். தசை நசுங்கி நசுங்கி உடையும்போது அதிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கிறது. அது அளவுக்கு மீறினால் சிறுநீரகம் அடைபடுகிறது, சிறுநீர் காபி நிறத்தில் போகும். கட்டிட இடிபாடுகளில் சிக்கியவர்களுக்கு வருகிற அதே பிரச்சினைதான். இந்தச் சோதனையை முடித்த சிலர் அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்திருக்கிறார்கள். விளையாட்டுக் காரியம் இல்லை.

இது எங்கிருந்து வந்தது? கியோகுஷினைத் தொடங்கியவர் மாஸ் ஒயாமா. 1923-ல் கொரியாவில் பிறந்து, ஜப்பானில் வாழ்ந்து, 1994-ல் இறந்தவர். அவரைப் பற்றிய கதை கராத்தே பயில்பவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மூன்று நாள் தொடர்ந்து, நாளைக்கு நூறு பேர் வீதம், முந்நூறு பேரோடு மோதினார். நான்காவது நாளும் தயாராக வந்து நின்றார், எதிர்த்து நிற்கத்தான் ஆள் இல்லை. வெறுங்கையால் காளைகளை வீழ்த்தினார் என்ற கதைக்குப் பக்கத்தில் இதையும் வைத்துச் சொல்வார்கள்.

ஒயாமாவின் புகழ் பரவிய விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1971 முதல் 1977 வரை இக்கி கஜிவாரா எழுதிய ஒரு காமிக்ஸ் தொடர் ஜப்பானில் அவர் வாழ்க்கையைப் பரபரப்பாகச் சொன்னது. அது அனிமேஷனாகவும் வந்தது. 1975 முதல் 1977 வரை சோனி சிபா நடித்து மூன்று சினிமாக்கள். 2004-ல் கொரியாவில் இன்னொரு சினிமா. காமிக்ஸுக்கும் சினிமாவுக்கும் வவுச்சர் கேட்க முடியுமா? கதாநாயகன் முந்நூறு பேரை அடித்தால் கைதட்டுவதுதான் மரியாதை. சிக்கல் என்னவென்றால் அதே முந்நூறு, கராத்தே வகுப்புகளில் வரலாறாகச் சொல்லப்படுகிறது. எத்தனை பேர், ஒவ்வொருவரும் எத்தனை தடவை வந்தார்கள், எத்தனை ரவுண்டு ஜெயித்தார், எத்தனை சமன் என்று எழுதிவைத்த கணக்கு எதுவும் அந்தக் கதையோடு கூட வருவதில்லை. காமர்ஸ் படிக்கிற முதல் வருடப் பையன் கூட, ரசீது இல்லாத தொகையைப் புத்தகத்தில் ஏற்ற மாட்டான். ஒயாமா பெரிய கராத்தேகாரர் என்பதில் சந்தேகமே இல்லை, அவர் கட்டிய அமைப்பும் வளர்த்த மாணவர்களும் அதற்குச் சாட்சி. அதற்காக முந்நூறையும் சேர்த்து நம்ப வேண்டும் என்று கட்டாயமா என்ன?

ஒருவன் பலரோடு தொடர்ந்து மோதுகிற யோசனை கராத்தேயில் தொடங்கியதும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யமஓகா தெஷ்ஷு என்ற வாள்வித்தை ஆசான், ஷுன்புகான் என்ற தன் பயிற்சிக்கூடத்தில் மாணவர்களுக்கு இப்படி ஒரு சோதனை வைத்திருந்தார். மூங்கில் வாளோடு ஒரே நாளில் இருநூறு மோதல்கள். அதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நாள் சோதனை, அதையும் தாண்டினால் ஏழு நாள். தெஷ்ஷு ஜென் தியானத்தில் ஊறியவர். களைத்துப் போய், தந்திரம் எல்லாம் தீர்ந்த பிறகு மனிதனிடம் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் அவர் நோக்கம். ஜெயித்த எண்ணிக்கை அவருக்கு இரண்டாம் பட்சம். கியோகுஷின் அதே சோதனைக்கு வெற்றி, தோல்வி, சமன் என்று ஸ்கோர் வைத்தது. இது ஒரு நல்ல காரியம்தான், ஏனென்றால் ஸ்கோர் இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும்.

ஸ்கோரும் சாட்சியும் உள்ள பட்டியல் 1965-ல் தொடங்குகிறது. முதல் பெயர் ஜப்பானியர் இல்லை என்பது பலருக்கு ஆச்சரியம். தென்னாப்பிரிக்காவில் பிறந்து ஜப்பான் போய் ஒயாமாவிடம் பயின்ற ஸ்டீவ் ஆர்னீல். பின்னாளில் இங்கிலாந்தில் கியோகுஷினை வளர்த்தவர், 2021-ல் காலமானார். அதே 1965-ல் தாதாஷி நாகமுரா. 1966-ல் ஷிகேரு ஒயாமா (பெயர் ஒற்றுமைதான், மாஸ்டருக்கு உறவு இல்லை). 1967-ல் இருவர், நெதர்லாந்தின் லூக் ஹோலண்டரும் நியூஸிலாந்தின் ஜான் ஜார்விஸும். 1972-ல் ஹோவர்ட் காலின்ஸ், 1973-ல் மியுகி மியுரா.

அதற்குப் பிறகு ஒரு பெரிய இடைவெளி. அடுத்த பெயர் 1986-ல்தான், அகியோஷி மாட்சுயி. எட்டு வருடத்தில் ஏழு பேர் முடித்த சோதனையைப் பதின்மூன்று வருடம் ஒருவரும் முடிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அந்த நடுவில் கியோகுஷின் மாறியிருந்தது. 1969-ல் முதல் அகில ஜப்பான் ஓபன் போட்டி, 1975-ல் முதல் உலகப் போட்டி. போட்டிக்காகப் பயிற்சி எடுக்கிற தலைமுறை வந்துவிட்டது. தொடை உதை ஒரு முழு ஆயுதமாக வளர்ந்தது. வரிசையில் நிற்கிற சாதாரண ஆளே முன்பைவிடப் பலமாக உதைத்தான். சோதனையின் பெயர் மாறவில்லை, எண்ணிக்கை மாறவில்லை, வரிசை மாறிவிட்டது. 1965-ன் நூறும் 1986-ன் நூறும் ஒரே விலை இல்லை. ரூபாய் என்று பெயர் இருப்பதால் அன்றைய நூறு ரூபாயும் இன்றைய நூறு ரூபாயும் ஒன்றாகிவிடுமா? (இங்கே விலைவாசி தலைகீழ், பின்னால் வந்த நூறுக்குத்தான் மதிப்பு அதிகம்.) ஆர்னீலைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவருக்கு முன்னால் யாரும் முடித்துக் காட்டாத ஒன்றை, முடியுமா என்றே தெரியாமல் போய் நின்றவர் அவர். அந்தப் பயத்துக்கு ஸ்கோர் ஷீட்டில் கட்டம் கிடையாது.

மாட்சுயிக்குப் பிறகு வந்தவர்களின் மற்ற ரெக்கார்டுகளைப் பார்த்தால் இந்தச் சோதனை வெறும் ஷோ இல்லை என்று புரியும். மாட்சுயி 1986-ல் நூறை முடித்தார், 1987-ல் உலக சாம்பியன் ஆனார். அகிரா மசுதா 1991-ல் முடித்தார், அதே வருடம் உலகப் போட்டியில் இறுதி வரை போனார். 1995 மார்ச்சில் ஜப்பானில் ஒரே நாளில் இரண்டு பேர் முடித்தார்கள், கென்ஜி யமாகியும் பிரேசிலின் பிரான்சிஸ்கோ ஃபில்யோவும். யமாகி அந்த வருடமே உலக சாம்பியன். ஃபில்யோ 1999-ல் பட்டம் வென்றபோது ஜப்பானியர் அல்லாத முதல் உலக சாம்பியன் என்ற பெயரும் சேர்ந்தது. அந்த இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்றவர் ஹஜிமே கசுமி, அவரும் அதே 1999-ல் நூறை முடித்தவர்.

ஃபில்யோவும் கசுமியும் நூறில் ஒரு ரவுண்டு கூடத் தோற்கவில்லை. ஆனால் கசுமியின் கணக்கில் 42 ரவுண்டு சமன். முதலில் பார்ப்பவர்கள் இந்த 42-ஐ ஒரு குறையாக நினைப்பார்கள். எதிரே நின்றவர்கள் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. நூற்றுக்கு நூறு வெற்றி என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, அந்த எதிரே நின்றவர்கள் விஷயத்துக்கு வரலாம்.

நூறு ஆள் சண்டை என்று பெயர் இருந்தாலும், எல்லா முறையும் நூறு தனித்தனி ஆட்கள் நிற்பதில்லை. தகுதியான கருப்பு பெல்ட் நூறு பேரை ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவது லேசான காரியமா? நாற்பது, ஐம்பது பேர் நிற்பார்கள், முடித்தவர்கள் வரிசையின் கடைசியில் போய் மறுபடி நிற்பார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஒரு முறை அடித்துப் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்பி வருகிற ஆள் புது ஆளைவிட ஆபத்தானவன் கூட. ஆனால் அதைச் சொல்லலாமே? "48 பேருடன் 100 ரவுண்டு" என்று எழுதினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

இன்னும் சங்கடமான விஷயம் ஒன்று இருக்கிறது. வரிசையில் நிற்பவர்கள் அந்நியர்கள் இல்லை. நடுவில் நிற்பவரிடம் பயின்ற தம்பிமார்கள், கூடப் பயின்ற நண்பர்கள், அவரை வைத்துத் தங்கள் டோஜோவுக்குப் பெயர் வரவேண்டும் என்று ஆசைப்படுபவர்கள். ஜப்பானியப் பயிற்சிக்கூடத்தில் சென்பாய், கோஹாய் (சீனியர், ஜூனியர்) உறவு எவ்வளவு இறுக்கமானது என்று சொல்ல வேண்டியதில்லை. எழுபதாவது ரவுண்டில் சென்பாயின் இடது கால் வீங்கிப்போய், ஊன்றவே தடுமாறுகிறார். எதிரே இருபது வயதுப் பையன். அந்தக் காலில் உதைத்தால் அவர் விழுந்துவிடுவார். மூன்று மணி நேரம், அதற்கு முந்தைய மாதக்கணக்கான பயிற்சி, எல்லாம் அந்த ஒரு உதையில் போய்விடும். உதைக்காமல் விட்டால் அவர் முடித்துவிடுவார், ஆனால் முடித்தது பொய்யாகிவிடும். அந்தப் பையனுக்கு ஒன்றரை நிமிடம்தான் இருக்கிறது, யாரிடமும் கேட்க முடியாது. கூடவே மயோகுளோபின், சிறுநீரகம் எல்லாம் நிஜம். தன் உதையால் அவர் பிழைப்பே கெட்டுவிடலாம் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அந்தப் பையன் என்ன செய்ய வேண்டும்? உதைக்க வேண்டும். அளவு பார்த்து, முட்டியைத் தவிர்த்து, ஆனால் நிஜமாக உதைக்க வேண்டும். சென்பாய் விழுந்தால் ஐந்து வினாடி இருக்கிறது. எழவில்லை என்றால் நிறுத்த வேண்டியது ரெஃப்ரியின் வேலை, டாக்டரின் வேலை. இரக்கம் காட்டுகிற பொறுப்பை எதிராளியின் தலையில் போட்டால் அதற்குப் பெயர் சோதனை இல்லை, பாராட்டு விழா. இதைக் கொடூரமாக நினைப்பவர்கள், மெதுவாகத் தட்டித் தட்டி நூறை முடித்துக்கொடுத்த ஒரு சான்றிதழை வைத்துக்கொண்டு அந்த சென்பாய் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்க்கலாம். ஊரெல்லாம் மாலை போடும். அவருக்குத் தெரியும். அந்தப் பையனுக்கும் தெரியும்.

அதனால்தான் நிறுத்துவதற்குத் தைரியமான ஆட்கள் பக்கத்தில் இருப்பது இந்தச் சோதனையில் பாதி. முயற்சி செய்து முப்பதிலோ ஐம்பதிலோ நின்றவர்களின் பெயர்கள் எந்தச் சுவரிலும் தொங்குவதில்லை. ஐம்பது முழு ரவுண்டு நின்று, அதற்கு மேல் போனால் கால் போய்விடும் என்று ஒரு டாக்டர் சொல்ல, சரி என்று ஒப்புக்கொண்டு வெளியே வந்தவன், தம்பிமார்கள் தயவில் நூறை முடித்தவனைவிட ஒரு படி மேல். இதைக் கராத்தேகாரர்கள் சபையில் சொன்னால் அடி விழலாம் :-)

1994-ல் ஒயாமா இறந்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் குழம்பிவிட்டது. அவர் உயிலைப் பற்றிக் குடும்பத்துக்கும் அமைப்புக்கும் தகராறு, நீதிமன்றம் வரை போனது. கியோகுஷின் பல அமைப்புகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் தன்னைத்தான் அசல் என்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல். ஒருவர் ஏற்கிற நூறை இன்னொருவர் ஏற்பதில்லை. 2004-ல் ஆஸ்திரேலியாவின் நவோமி அலி நூறை முடித்த முதல் பெண் ஆனார். 2011-ல் அதே நாட்டின் ஜட் ரீட் ஒசாகாவில் முடித்தார், அதைப் பற்றி ஒரு டாகுமெண்டரியும் வந்தது. வீடியோ இருப்பது பெரிய வசதி. எதிராளி நிஜமாக அடிக்கிறானா என்று யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். முந்நூறு கதைக்கு அந்த வசதி கிடையாது.

நூறு என்பது உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களின் காரியம். ஆனால் பல கியோகுஷின் அமைப்புகளில் முதல் நிலைக் கருப்பு பெல்ட் வாங்கவே தொடர்ந்து பத்து பேரோடு மோத வேண்டும், இரண்டாம் நிலைக்கு இருபது, மூன்றாம் நிலைக்கு முப்பது. உலகம் முழுக்க ஆபீஸ் போகிறவர்களும் காலேஜ் படிக்கிறவர்களும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு ஆட்கள் வரை டெக்னிக் ஞாபகம் இருக்கும். ஐந்தாவது ஆள் வரும்போது கை தானாக இறங்கும். எட்டாவது ஆள் பக்கத்து வீட்டு நண்பனாக இருப்பான், போன வாரம் டீ வாங்கிக்கொடுத்தவன், அவன் அடிக்கிற அடிதான் அன்றைக்கு அதிகம் வலிக்கும். அடுத்த வருடம் இடம் மாறும். பெல்ட் வாங்கியவன் வரிசையில் நிற்பான், நண்பன் நடுவில் நிற்பான்.

ஆகவே ஒரு சின்ன கோரிக்கை. அடுத்த முறை யாராவது நூறை முடித்தால், சான்றிதழில் அவர் பெயருக்குக் கீழே எதிரே நின்றவர்களின் பெயர்களையும், யார் யார் எத்தனை ரவுண்டு வந்தார்கள், எந்த ரவுண்டை யார் ஜெயித்தார்கள் என்பதையும் அச்சடிக்கட்டும். ரொம்ப இடம் பிடிக்காது. சின்ன எழுத்தில், இரண்டு பத்தியாகப் போட்டால், நூறு வரிக்கு ஒரு ஏ-ஃபோர் தாள் போதும்.